கட்டைக்கல் முதல் காதக்கல் வரை

சென்ற இதழில் இராசகேசரிப் பெருவழியைப் பற்றி நாலே வரி எழுதினேன். ரோமாபுரிக் காசு நடந்த வழி, தை மாதத்தில் நடந்து பார்க்கலாம் என்று முடித்தேன். அவ்வளவுதான். ஜொகூர் முழுக்கப் பரணில் கிடந்த காலணிகளைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கடிதக்கட்டு சொல்கிறது. இந்த முறை வேறு பேச்சில்லை; நடக்கப் போகிறவர்களுக்கு மட்டும்.

கே: ரோமானியச் சாலை இத்தாலியில் அல்லவா இருக்கிறது? கோயம்புத்தூருக்கு ஏன் ஐயா வழி காட்டுகிறீர்கள்?
(மாசாய் வாசகர்)

ப: ரோமானியர் கல் பதித்த சாலை இத்தாலியில். ரோமானியர் காசு நடந்த சாலை கொங்கு நாட்டில். மேற்குக் கரையில் முசிறி, அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய், கோவை, கொடுமணல், கரூர், உறையூர், கிழக்கே பூம்புகார். ரோமின் பணம் எப்படிச் சேர்ந்தது என்று இத்தாலி சொல்லும். எங்கே போய்த் தீர்ந்தது என்று கொங்கு சொல்லும்.

கே: கப்பல் இருக்கும்போது எதற்கு மாட்டுவண்டி?
(பாசிர் கூடாங் வாசகர், துறைமுக ஊழியர்)

ப: துறைமுகத்தில் வேலை பார்ப்பவருக்குத் தெரியாததா? குமரிமுனையைச் சுற்றிப் பாக் நீரிணைக்குள் நுழைந்தால் கடலுக்கு ஆழம் கிடையாது. பெரிய கப்பல் தரைதட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையோ கோட்டைச் சுவர். அதில் இயற்கை திறந்துவைத்த அகல வாசல் பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கிலோமீட்டர். வாசல் திறந்திருக்கும்போது கொல்லைப்புறச் சுவர் ஏறுவானேன்?

கே: இராசகேசரி என்பவர் ரோமானிய அதிகாரியா?
(சிகாமட் வாசகி)

ப: முதலாம் ஆதித்த சோழனின் பட்டப்பெயர் அம்மா. 9-ஆம் நூற்றாண்டுக்காரர். கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம், மலையடிவாரப் பாறையில் தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் இந்தப் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. ரோமானிய வாணிகம் அதற்கு 700, 800 ஆண்டுகள் மூத்தது. ஜொகூரில் ஒரு சாலைக்குப் பெயர் மாறினால் நாம் வேறு வழியிலா வீட்டுக்குப் போகிறோம்?

கே: காசு நடந்தது என்பதற்குச் சாட்சி?
(பத்து பஹாட் வாசகர்)

ப: கோவையை ஒட்டிய வெள்ளலூர். 1842-ல் அங்கே ஒரே புதையலில் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் முகங்கள். 1891-லும் 1931-லும் அதே ஊர் மறுபடியும் கைவிரித்துக் காட்டியது. ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சுகிறது என்று ரோமில் உட்கார்ந்து எழுத்தாளர் பிளினி எழுதினார். அழுதது பிளினி, முடிந்து வைத்தது வெள்ளலூர்.

கே: அப்படியானால் உலோகம் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு போகலாமா?
(ஸ்கூடாய் வாசகர்)

ப: கூடவே ஒரு வக்கீலையும் கூட்டிப் போங்கள். பழம்பொருளை இந்தியாவைவிட்டு வெளியே எடுத்துப் போவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும். கொடுமணல் வயலில் கிடக்கும் ஒரு மணி, கிடக்கும் இடத்தில் கிடந்தால்தான் சாட்சி. உங்கள் சட்டைப் பைக்குள் வந்துவிட்டால் வெறும் கண்ணாடி.

கே: எந்த மாதம் போகலாம்?
(குளுவாங் வாசகி)

ப: தை. சித்திரை, வைகாசியில் தார்ச்சாலையே உருகும். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று குடையைப் பறித்துக்கொண்டு போகும். அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழை.

தைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் அப்போது கொங்குச் சாலைகளில் சாரை சாரையாக நடப்பார்கள். ஓட்டுநர்கள் நடப்பவர்களை எதிர்பார்த்தே வண்டி ஓட்டுவார்கள். வழியெங்கும் மோர், சுக்குக் காப்பி, அன்னதானம். ரோமானியச் சாலையிலும் சத்திரம் இருந்தது, ஆனால் காசு கேட்டார்கள்.

கே: மொத்தத் தூரம் எவ்வளவு? எனக்கு லீவு பத்து நாள்தான்.
(உலு திராம் வாசகர்)

ப: முழு வழியையும் பத்து நாளில் விழுங்கப் பார்க்காதீர்கள். பாலக்காட்டிலிருந்து கோவை சுமார் 50 கிலோமீட்டர். கோவையிலிருந்து கரூர் சுமார் 130. ஒரு நாளைக்கு 20 என்று வைத்தால் ஒன்பது நாள். பத்தாம் நாள் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு கரூரில் உட்காருங்கள். முசிறியும் பூம்புகாரும் அடுத்த லீவுக்கு.

கே: எல்லாச் சாலையும் ரோமுக்குப் போகும் என்கிறார்களே?
(மூவார் வாசகர்)

ப: நம் சாலை கரூருக்குப் போகும். அமராவதி ஆற்று மணலில் ரோமக் காசுகள் கிடைத்த ஊர் அது. ரோமே இங்கு வந்துவிட்ட பிறகு நாம் ஏன் அங்கே போக வேண்டும்?

கே: நான் இத்தாலி அப்பியா சாலைக்கே போகிறேன். தடுப்பீர்களா?
(இஸ்கண்டார் புத்ரி வாசகர்)

ப: வாழ்த்துவேன். கி.மு. 312-ல் அப்பியஸ் கிளாடியஸ் தொடங்கிய சாலை. ரோமிலிருந்து பிரிந்திசி துறைமுகம் வரை 500 கிலோமீட்டருக்கும் மேல். 2024-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பழைய கற்பாளங்கள் அப்படியே கிடக்கும் இடங்களில் மெல்லிய அடியுள்ள காலணி போட்டால் ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலில் கையெழுத்துப் போடும். காய்ச்சல் மாத்திரையை மறக்காதீர்கள். கவிஞர் வெர்ஜில் கி.மு. 19-ல் காய்ச்சலோடு பிரிந்திசியில் வந்து இறங்கி, அங்கேயே கண்ணை மூடினார்.

கே: காலணி புதிது வாங்கட்டுமா?
(லாபிஸ் வாசகர்)

ப: வாங்குங்கள், ஆனால் இன்றே. புதுக் காலணியைப் பயணத்தன்று முதல்முறை மாட்டுகிறவர் கொப்புளத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார். இரண்டு மாதம் போட்டுப் பழக்குங்கள். அரை அளவு பெரியதாக இருக்கட்டும், நடக்க நடக்கப் பாதம் வீங்கும். ரோமானியப் படைவீரனின் செருப்புக்கு அடியில் இரும்பு ஆணி அடித்திருக்கும். அந்தச் செருப்பின் குட்டி வடிவத்தைச் சின்ன வயதில் போட்டுத் திரிந்ததால்தான் ஒரு சக்கரவர்த்திக்குக் கலிகுலா என்று பட்டப்பெயர் வந்தது. ‘குட்டிச் செருப்பு’ என்று பொருள்.

கே: பயிற்சி எங்கே எடுப்பது? எங்கள் வீட்டைச் சுற்றி நடந்தால் போதுமா?
(குளுவாங் வாசகர்)

ப: வாசலிலேயே லம்பாக் மலையை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுகிறீர்களே! 510 மீட்டர். வாரம் ஒருமுறை ஏறி இறங்குங்கள். மற்ற நாட்களில் சமதரையில் 8, 10 கிலோமீட்டர், முதுகில் மூட்டையோடு. இறங்கியபின் குளுவாங் இரயில் நிலையக் காப்பி. அதற்கு மட்டும் பயிற்சி வேண்டாம்.

கே: மூட்டையில் என்ன எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுங்களேன்.
(யோங் பெங் வாசகி)

ப: பட்டியல் கொடுத்தால் பெட்டி கேட்பீர்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன்: எது கெட்டால் பயணம் நிற்குமோ, அதில் இரண்டு. காலணிக் கயிறு, மூக்குக்கண்ணாடி, அன்றாட மாத்திரை.

சங்ககால உப்பு வணிகர்களான உமணர்கள், வழியில் வண்டியின் அச்சு முறிந்தால் மாற்ற இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். சேம அச்சு என்று அதற்குப் பெயரே உண்டு, புறநானூறு சொல்கிறது. நாம் ‘ஸ்பேர் டயர்’ என்று சொல்லி ஆங்கிலேயனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கே: பயணத்துக்கு வங்கிக் கடன் வாங்கலாமா?
(மாசாய் வாசகி)

ப: முன்னுதாரணம் இருக்கிறது. 2-ஆம் நூற்றாண்டில் முசிறி வாணிகத்துக்காக எழுதிய கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் தாளில் இன்றும் வியன்னாவில் இருக்கிறது. கப்பலின் பெயர் ஹெர்மபோலோன். தந்தமும் சடாமாஞ்சியும் ஏற்றி வந்த சரக்குக்கு 25 விழுக்காடு சுங்க வரி. அதைக் கட்டியும் வணிகனுக்கு மிச்சம் நின்றது. நீங்கள் திரும்பும்போது கைபேசியில் படங்கள்தான் வரும் தாயீ. கடன் வேண்டாம், சீட்டுப் பிடியுங்கள்.

கே: கைபேசி வரைபடம் போதாதா?
(தங்காக் இளைஞர்)

ப: மின்கலம் இருக்கும்வரை போதும். ரோமானிய உலகின் வழிகளைக் காட்டும் பொய்டிங்கர் வரைபடம் ஏறக்குறைய 7 மீட்டர் நீளத் தோல்சுருள். நம்மிடம் இருப்பது இடைக்காலப் படி. அதுவும் வியன்னாவில்தான். அதன் கிழக்கு ஓரத்தில் முசிறி இருக்கிறது, பக்கத்தில் அகஸ்டஸ் கோயில் என்ற குறிப்போடு. அதற்கு மின்னேற்றம் தேவைப்பட்டதே இல்லை. காகித வரைபடம் ஒன்று மடித்து வையுங்கள் தம்பி.

கே: வழியில் தண்ணி கிடைக்குமா? (புரியும் என்று நினைக்கிறேன்.)
(பொந்தியான் வாசகர்)

ப: புரிந்தது. நீங்கள் கேட்கும் தண்ணி மத்தியதரைக் கடலிலிருந்து ஆம்போரா சாடியில் வந்து, அரிக்கமேட்டிலும் கேரளத்துப் பட்டணம் என்ற ஊரிலும் ஓடு மட்டும் மிஞ்சிப் போனது. நான் கேட்கச் சொல்லும் தண்ணீர் ஒரு நாளைக்கு 3, 4 லிட்டர். கூடவே உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு.

கே: கொங்கு நாட்டில் ரொட்டி சானாய் உண்டா?
(ஜொகூர் பாரு வாசகர்)

ப: பரோட்டா என்று கேளுங்கள்; மாவு உருண்டை அதேதான், பெயர் மட்டும் கடல் கடந்திருக்கிறது. ஆனால் அங்கே போயும் பரோட்டாவா? அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் விட்டுச் சாப்பிடுங்கள். மறுநாள் 20 கிலோமீட்டர் தானாக நடக்கும்.

கே: கொங்குத் தமிழ் எங்களுக்குப் புரியுமா?
(கூலாய் வாசகி)

ப: ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டால் சண்டைக்கு அல்ல, மரியாதைக்கு. நீங்கள் நம் வழக்கப்படி ‘பசியாறியாச்சா?’ என்று கேட்டுப் பாருங்கள். அந்த அம்மா ஒரு நொடி உங்கள் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் இலை போடுவார்.

கே: யானை பயம் உண்டா?
(மெர்சிங் வாசகர்)

ப: உங்கள் ஊர்ச் சாலையில் யானை கடக்கும் பலகையைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள், அதே புத்தி போதும். வாளையாறு, மதுக்கரை, சுண்டக்காமுத்தூர் மலையடிவாரத்தில் விடியலிலும் அந்தியிலும் நடக்காதீர்கள். கல்வெட்டைப் பார்க்க உச்சி வெயிலுக்கு முன், உள்ளூர்க்காரர் ஒருவரோடு போங்கள். யானைதான் அந்த வழியின் மூத்த பயணி. சோழனுக்கே வழிவிட்டிருக்காது.

கே: தெருநாய்?
(உலு திராம் வாசகி)

ப: இதில் விளையாட்டில்லை. புறப்படுமுன் மருத்துவரிடம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். கடித்தால், கீறினால், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனை. ‘சின்னக் கீறல்தானே’ என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், அவர் உங்கள் மாமியாராக இருந்தாலும்.

கே: நாங்கள் மூன்று பெண்கள். ஆண் துணை இல்லாமல் நடக்கலாமா?
(பத்து பஹாட் வாசகி)

ப: மூன்று பேர் என்பது கூட்டமம்மா, துணை வேண்டியது ஒற்றை ஆளுக்கு. பகலில் மட்டும் நடங்கள், தங்குமிடத்தை முன்னரே உறுதி செய்யுங்கள், பாதயாத்திரைக் கூட்டத்தைத் தொட்டபடி போங்கள். அதில் பாட்டி முதல் பேத்திவரை பெண்கள் நடப்பார்கள். யாரும் உங்களை வேடிக்கை பார்க்க மாட்டார்கள். ‘மலேசியாவா, என் தங்கச்சி மகன் அங்கேதான்’ என்று மட்டும் சொல்வார்கள்.

கே: எப்படிப் போய்ச் சேருவது?
(ஸ்கூடாய் வாசகி)

ப: சிங்கப்பூரிலிருந்து கோவைக்கு நேர் விமானம் உண்டு, நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். காஸ்வேயில் எவ்வளவு நேரம் என்று எந்த ஜோசியரும் சொல்லமாட்டார். முதல் நாள் இரவே கடந்துவிடுங்கள். விசாவை இந்திய அரசின் அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் எடுங்கள். அதைப்போலவே வேடம் போட்ட தளங்கள் நிறைய.

கே: கொடுமணலில் பார்க்க என்ன இருக்கிறது? நண்பன் ‘வெறும் பொட்டல்’ என்கிறான்.
(தங்காக் வாசகர்)

ப: உங்கள் நண்பர் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். 1985 முதல் அகழ்ந்தார்கள். குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவார்கள், அதுதான் முறை. ஈமக்காட்டின் கல்வட்டங்களைப் பார்க்கலாம். அந்த மண்ணுக்குள் இரும்பு உருக்கினார்கள், எஃகு செய்தார்கள், பளிங்கையும் சூதுபவளத்தையும் பச்சைக்கல்லையும் மணியாகக் கடைந்தார்கள். பச்சைக்கல் கிடைத்த படியூர் கொஞ்ச தூரம்தான். பானையில் தங்கள் பெயரைத் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் கீறிவைத்தவர்களின் ஊர். படித்துவிட்டுப் போனால் பொட்டல் பேசும்.

கே: அங்கே நொய்யலில் இறங்கிக் குளிக்கலாமா?
(சிகாமட் வாசகர்)

ப: இந்தக் கேள்விக்குப் பதில் எழுதக் கை கூசுகிறது. வேண்டாம். திருப்பூர்ச் சாயக்கழிவு பல ஆண்டுகள் அந்த ஆற்றில் ஓடியது. கொடுமணலுக்குப் பக்கத்து ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குக் கட்டியது, சாயத் தொட்டியாகவே ஆகிப்போனது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுமளவுக்குப் போனது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் உலகத்துக்கு மணி கடைந்து அனுப்பிய கரை அது. கரையில் நின்று பாருங்கள், முகம் கழுவாதீர்கள்.

கே: நம் ஜொகூருக்கும் ரோமுக்கும் ஏதாவது ஒட்டு உறவு உண்டா?
(கோத்தா திங்கி வாசகர்)

ப: உங்கள் ஊர் ஆற்றங்கரையிலேயே ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. ஜொகூரில் சுங்க அதிகாரியாக இருந்த ஜெரால்ட் கார்ட்னர், ஜொகூர் ஆற்றுப் பக்கம் கிடைத்த பழைய மணிகளைச் சேர்த்தார். மலாயாவுக்கும் ரோமப் பேரரசுக்கும் கடல்வழித் தொடர்பு இருந்ததற்கு இவை சான்று என்று 1937-ல் ஆய்விதழில் எழுதினார். பின்வந்த அறிஞர்கள் எல்லாரும் தலையாட்டவில்லை. கார்ட்னரோ இங்கிலாந்து திரும்பி, சூனியக்காரிகளின் பழைய வழிபாட்டை மீட்டவர் என்று புகழ்பெற்றார். மணியை வைத்து ரோமை வரவழைக்கப் பார்த்தவருக்குப் பொருத்தமான ஓய்வூதியம்தான்.

கே: மிளகுக்காகவா அவ்வளவு தூரம் வந்தார்கள்? ஒரு ரிங்கிட்டுக்குப் பொட்டலம் கிடைக்கிறதே!
(கங்கார் பூலாய் வாசகர்)

ப: அதைக் கங்கார் பூலாயிலிருந்து கேட்கிறீர்களே! 19-ஆம் நூற்றாண்டில் மிளகும் காசுக்கட்டியும் பயிரிடவே சீனர்கள் ஜொகூர் ஆறுகளின் ஓரம் குடியேறினார்கள். அந்தக் குடியேற்றத் துறைதான் ‘கங்கார்’. உங்கள் முகவரியே மிளகுதான். எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற துறைமுகக் கோயிலில், இந்தியப் பெருஞ்சாடிக்குள் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. சாமிக்கு வைத்த மிளகு. ரசத்துக்கு யாரும் எடுக்கவில்லை.

கே: அவர்கள் வந்தார்கள் சரி. நம் ஆட்கள் போனார்களா?
(லாபிஸ் வாசகி)

ப: அதே பெரெனிகேயில் ‘கொற்றபூமான்’ என்று தமிழி எழுத்தில் கீறிய சாடி ஓடு. இன்னொரு செங்கடல் துறையான குசைர் அல் காதிமில் கணன், சாதன் என்று பெயர்கள். கிழக்கே? பழைய புவியியலாளர் தாலமி குறித்த பொன் தீபகற்பம் நம்முடையது. அதன் வடக்கே, தாய்லாந்தின் கிராபிப் பக்கம், ஒரு பொற்கொல்லனின் உரைகல் கிடைத்தது: ‘பெரும்பதன் கல்’. இது என் கல், தொடாதே என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார். பட்டறையில் கருவி காணாமல் போவது அன்றும் இருந்தது.

கே: அந்தக் காலத்தில் நாங்கள் எட்டாங்கட்டை, பத்தாங்கட்டை என்றுதான் இடம் சொல்வோம். ரோமிலும் கட்டை உண்டா?
(கூலாய் வாசகர், வயது 74)

ப: உண்டு ஐயா. ஆயிரம் இரட்டை அடிக்கு ஒரு கல், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1,480 மீட்டர். மலாய்க்காரர் ‘பத்து’ என்றார், கல்; நாம் ‘கட்டை’ என்றோம். தர்மபுரிப் பக்கம் அதியமான் பெருவழியின் காதக்கல் கிடைத்திருக்கிறது: நாவல்தாவளத்துக்குக் காதம் 29. அதன் சிறப்பு எழுத்தில் இல்லை. எழுத்தின் கீழே குழிகள் வெட்டியிருக்கிறார்கள், படிக்கத் தெரியாத வண்டிக்காரனும் தூரத்தைத் தெரிந்துகொள்ள. ரோமானியக் கல்லில் சக்கரவர்த்தியின் பட்டங்கள் நீளநீளமாக இருக்கும். எனக்கு இந்தக் குழிக்கல்தான் உசத்தி.

கே: என் தாத்தா இங்கே ரோடு போட்ட கூலி. நான் ரோடு பார்க்க விமானம் ஏறுகிறேன் என்றால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.
(கூலாய் இளைஞர்)

ப: அவர்கள் எந்தச் சாலையில் வந்து சிரித்தார்கள் என்று கேளுங்கள் தம்பி. நம்மவர்கள் கித்தாக் காட்டுக்கு மட்டும் வரவில்லை. பொதுப்பணித் துறைக்கும் இரயில்வேக்கும் வந்தார்கள். கல் உடைத்தார்கள், தார் காய்ச்சினார்கள்.

என் தாத்தாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல். எத்தனை நாள் வேலைக்குப் போனார் என்பதை லயத்துச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைப்பார். சம்பள நாளில் கிராணியின் கணக்கில் ஒரு நாள் குறைந்தால், வீட்டுக்கு வந்து கோட்டை எண்ணுவார், திரும்பிப் போய் நிற்பார். பாட்டி சொல்வாள்: சுவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

அப்பியா சாலையில் அப்பியஸின் பெயர் இருக்கிறது, பெருவழியில் இராசகேசரியின் பெயர் இருக்கிறது. கல் சுமந்தவர் பெயர் இரண்டிலும் இல்லை. கல் சுமந்தவரின் பேரன் அதில் நடக்கட்டும். போய் வாருங்கள்.

கே: எனக்கு 81 வயது. கால் ஒத்துழைக்காது. என்னை விட்டுவிட்டீர்களே!
(பொந்தியான் வாசகர்)

ப: விடவில்லை அண்ணே. காஸ்வே 1924 ஜூன் 28-ல் திறந்தது. கருங்கல் கொட்டி எழுப்பிய 1,056 மீட்டர். வயதில் உங்களுக்கு அக்கா. ஒரு மாலை பேரனைக் காரை எடுக்கச் சொல்லி, அதன் மேல் போய் வாருங்கள். நெரிசலில் மாட்டினால் நல்லது, ஒவ்வொரு கல்லாகப் பார்க்கலாம்.

கே: நான் தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா தை மாதம் என்னையும் கூட்டிப் போகிறார். காதம் 29 என்றால் அந்தக் கல்லில் 29 குழி வெட்டினார்களா? எண்ணும்போது தப்பாகிவிடாதா?
(மாசாய் வாசகி, வயது 10)

ப: இதைப் பெரியவர்கள் ஒருவரும் கேட்கவில்லை கண்ணு. 29 வெட்டவில்லை. பெரிய குழி இரண்டு, சின்னக் குழி ஒன்பது. பெரியது ஒன்றுக்குப் பத்து, சின்னதுக்கு ஒன்று. இருட்டிலும் வண்டிக்காரத் தாத்தா விரலை வைத்துத் தடவினால் போதும். நீயும் மணலில் கட்டைவிரலால் இரண்டு, சுண்டுவிரலால் ஒன்பது குழி போட்டு, அப்பாவைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துத் தூரம் சொல்லச் சொல்.